முடிவு வரும் முன்னே கட்டிய பேனர்

பச்சைக்கல் தோட்டம்,
மேற்பிரிவு,
அக்கரப்பத்தனை.
கார்த்திகை மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் லோஜினிக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் இங்கே சளி இருமலைத் தவிர வேறு குறை சொல்ல இல்லாமல் இருக்கிறோம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, ஈரத் தலையோடு அலையாமல், உடம்பும் மனசும் சுகமாக இருக்கவேண்டும் என்று நம் மாரியம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். நேற்றுத்தானே போனில் பேசினோம், இன்றைக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நீ போட்ட கட்டளை அப்படி. ரிசல்ட் வருகிற வரைக்கும் அதைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாய், நானும் திறக்கவில்லை. அங்கே மழையா, இங்கேயும் மழைதான், காலையில் என்ன சாப்பிட்டாய் என்று ரேடியோவில் வானிலை வாசிக்கிறவர்கள் மாதிரி இரண்டு பேரும் பேசிவிட்டுப் போனை வைக்கிறோம். வாயைத்தான் மூடச் சொன்னாய், கையால் எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. நான் சத்தியத்தை மீறவில்லை, ஒரு ஓரமாகச் சுற்றிப் போகிறேன், அவ்வளவுதான்.

தபால் கந்தோரில் கேட்டேன், நீ விடுதியில் தங்கிப் படிக்கிற இந்தியாவுக்கு ஒரு கடிதம் போய்ச் சேர எவ்வளவு நாளாகும் என்று. இரண்டு மூன்று கிழமை ஆகும், நத்தார்ப் பண்டிகை நெருங்குவதால் இன்னும் கூடப் பிந்தலாம் என்றார் அங்கே இருந்தவர். அப்படியென்றால் சரி, நல்லது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். சீக்கிரம் போகவேண்டும் என்று சண்டை பிடிக்கிறவர்களைத்தான் அவர் பார்த்திருப்பார். ஆக, இது உன் கைக்கு வரும்போது ரிசல்ட் வந்து முடிந்திருக்கும். உனக்குத் தெரிந்திருக்கும், எனக்கும் நீ சொல்லியிருப்பாய். ஆனால் எழுதுகிற இந்த நாளில் எனக்கு ஒன்றும் தெரியாது, உறையில் தபால் முத்திரைத் தேதி இருக்கும், பார்த்துக்கொள். அது ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் உன் அப்பாவின் மேல் எனக்கொரு பெரிய புகார் இருக்கிறது, அதைச் சொல்லாமல் எனக்கு ஆறாது.

ஐப்பசியில் நீ அனுப்பிய தாளை மஃறூப் நானாவின் கடையில் பிரதி எடுத்து அப்பா கையெழுத்து வைத்தாரே, அன்றைக்குத் தொடங்கியது இது. நீ போனில் விளக்கமாகச் சொன்னாய். மற்றப் பிள்ளைகள் பல இடங்களுக்கு எழுதிப் போட்டுவிட்டுப் பங்குனி வரைக்கும் காத்திருப்பார்கள், நீ முந்திக்கொண்டு அமெரிக்காவில் அந்த ஒரே பல்கலைக்கழகத்துக்கு மட்டும் கேட்கிறாய், மார்கழி பிறக்கும்போதே பதில் வந்துவிடும், அவர்கள் படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டு வா என்றால் நீ அங்கேதான் போகவேண்டும், வேறு எந்த இடத்தையும் திரும்பிப் பார்க்கக் கூடாது, அதற்கு நீயும் உன் பள்ளி ஆசிரியரும் பெற்றவரும் கையெழுத்து வைத்து வாக்குக் கொடுக்கவேண்டும் என்று. அதைக் கேட்டதும் அப்பா சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். "ஒரே எடத்துக்குத்தான் கேக்கணும், அவங்க சரின்னா மாறக் கூடாது, பெத்தவன் கையெழுத்துப் போடணும்னா, அது கல்யாணம்தானே?" என்றார். நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அதை நாம் இரண்டு பேருமே கவனித்திருக்க வேண்டும்.

வந்த வெள்ளிக்கிழமையே உன் சாதகத்தை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு, வீரய்யா பூசாரியிடம் போய்விட்டார். போகும் வழியில் மஃறூப் நானாவின் கடையில் ஏறி, அந்தப் பல்கலைக்கழகம் எந்த வருஷம் எந்தத் தேதியில் தொடங்கியது என்று போனில் தேடித் தரச் சொல்லியிருக்கிறார். நானாவும் விண்ணப்பத்துக்குத் தேவையாக்கும் என்று நினைத்துத் தேடி ஒரு துண்டில் எழுதிக் கொடுத்து, "புள்ளைக்காக நாங்களும் துஆ செய்றோம், ஒண்டுக்கும் யோசிக்க வாணாம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார், பாவம். அந்தத் தேதிக்கு வீரய்யா அண்ணன் பஞ்சாங்கம் புரட்டி நட்சத்திரம் கண்டுபிடித்தார். பிறந்த நேரம் தெரியாமல் லக்கினம் போட முடியாது என்று அவர் வருத்தப்பட்டாராம். பிறகு இதில் பெண் யார் மாப்பிள்ளை யார் என்று கேட்டிருக்கிறார். அப்பா கொஞ்சமும் தயங்காமல், நம்ம பிள்ளைதானே இங்கிருந்து போகுது, அப்போ அதுதான் மாப்பிள்ளை வீடு என்று சொல்லியிருக்கிறார். இவ்வளவையும் அவரே என்னிடம் வந்து பெருமையாகச் சொன்னார், நானாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

பொருத்தம் நன்றாகத்தான் இருந்ததாம். கணத்தில் மட்டும் இடித்ததாம், நீ தேவ கணம், அது ராட்சச கணம். இத்தனை பிள்ளைகளைத் தூங்கவிடாமல் இழுத்தடிக்கிற இடம் வேறு என்ன கணமாக இருக்கும் என்று நான் கேட்டேன். ரஜ்ஜு தட்டவில்லை, அதனால் மாப்பிள்ளைக்கு ஆயுள் கெட்டி என்றும் வீரய்யா அண்ணன் சொன்னாராம். அத்தனை காலமாக நிற்கிற கல்லுக் கட்டிடத்துக்கு ஆயுள் பார்த்த முதல் மனுஷன் உன் அப்பாவாகத்தான் இருப்பார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. உனக்கென்ன, நீ சிரிப்ப, பிள்ள ஒத்தையா அவ்வளவு தூரம் போகப்போகுது, அங்க அதுக்கு ஒத்துப்போகுமா போகாதான்னு பாக்க வேணாமா என்று கேட்டார். அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயத்தை வெளியில் சொல்லத் தெரியாத மனுஷன், தனக்குத் தெரிந்த வழியில் விசாரித்துப் பார்த்திருக்கிறார். வெளியூரில் பெண் கொடுக்கிறவர்கள் போய் விசாரிக்கிற மாதிரி அவர் அமெரிக்காவுக்குப் போய் விசாரிக்க முடியுமா?

அத்தோடு விட்டிருந்தால் நான் இந்தப் புகாரை எழுதவே மாட்டேன். திங்கட்கிழமை தொழிற்சாலையில், கொழுந்து வாட்டுகிற மாடியில் நின்றுகொண்டு, கூட வேலை செய்கிறவர்களிடம் "லோஜினி விசயம் எல்லாம் கூடி வந்திருச்சு, பொருத்தம் பாத்தாச்சு, நான் கையெழுத்தும் போட்டுட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, நடந்ததைத்தான் சொன்னார். ஆனால் நம் ஆட்களுக்குப் பொருத்தம் பார்த்துப் பெற்றவன் கையெழுத்தும் போட்டுவிட்டால் அதற்குப் பிறகு என்ன பாக்கி? பந்தல் போடுவதுதான் பாக்கி. அடுத்த நாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்திலேயே கதை முடிந்துவிட்டது, லோஜினிக்கு அமெரிக்கா கிடைத்துவிட்டது.

எனக்கு இது ஒன்றும் தெரியாது. நான் விடியற்காலையிலேயே பிள்ளைக்காம்பராவைத் திறந்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் பிள்ளைகளை என் கையில் தரும்போது ஒவ்வொருவராக என் கன்னத்தைத் தொட்டு முத்தம் வைக்கிறார்கள். ஒருத்தி முறுக்குப் பொட்டலம் தருகிறாள். என்னடி விசேஷம் என்று கேட்டால், என்னக்கா எங்ககிட்டயே மறைக்கிறீங்க, லோஜினிக்குக் கெடச்சிருச்சாமே என்கிறாள். ரிசல்ட் முன்கூட்டியே வந்து, நீ எனக்குச் சொல்லாமல் வேறு யாருக்கோ சொல்லிவிட்டாய் என்று நினைத்துவிட்டேன். சந்தோஷப்படவேண்டிய விஷயத்துக்கு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன். பிறகு விசாரித்துக்கொண்டே போனால் கதை நேராக உன் அப்பாவிடம் போய் முடிகிறது. அன்றைக்குப் பின்னேரம் அவருக்குத் தேத்தண்ணியும் இல்லை, பேச்சும் இல்லை.

ஆனால் அதற்குள் காரியம் கை மீறிவிட்டது. நம் கிஷாந்தும் இளைஞர் கழகத்துப் பையன்களும் சேர்ந்து நுவரெலியாவுக்குப் போய் பேனர் அடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். போன ஞாயிறு கோயில் சந்தியில் இரண்டு சவுக்கு மரத்துக்கும் நடுவில் கட்டுவதற்காகப் புல்லில் விரித்து வைத்திருந்தபோதுதான் நான் போய்ச் சேர்ந்தேன். எவ்வளவு பெரிய பேனர் தெரியுமா, நாம் குடியிருக்கிற லயத்துக் காம்பராவை விட நீளமும் அகலமும் கூட. மேலே பெரிய எழுத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகித் தோட்டத்துக்குப் பெருமை சேர்த்த என்று ஒரு வரி. நடுவில் உன் படம், சாதாரண தரப் பரீட்சை எழுதிய வருஷம் இரட்டைப் பின்னலோடு எடுத்தது. நீ இப்போது முடியை வெட்டிக்கொண்டது அவர்களுக்குத் தெரியாது. படத்துக்குக் கீழே எங்கள் லோஜினி என்று ஒரு வரி. அதற்கும் கீழே மேற்பிரிவு மக்கள் என்று சின்னதாக.

திட்டுவதற்கென்றே போனவள் நான். வழி நெடுக வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டுதான் போனேன். ஆனால் அந்தப் பையன்கள் நின்ற நிலையைப் பார்த்ததும் பாதி வார்த்தை மறந்துபோனது. மழையில் நனைந்துகொண்டு, பேனரில் சேறு படக் கூடாது என்று தங்கள் சட்டையால் ஓரத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். நான் விஷயத்தைச் சொன்னதும் கிஷாந்துக்கு முகம் செத்துப்போனது. "மாமாதானே அத்த சொன்னாரு, பொருத்தம் பாத்து கையெழுத்தும் போட்டாச்சுன்னு. அதுக்குமேல என்ன இருக்கு?" என்று கேட்டான். எனக்கு வேறு எப்படி விளங்கப்படுத்துவது என்று தெரியவில்லை. "மாப்பிள்ள வீட்டுல இன்னும் சரின்னு சொல்லலப்பா" என்றேன். ஒருத்தன் சிரிக்கத் தொடங்கினான், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டேன். அவங்க சரின்னு சொல்றவரைக்கும் நாங்க வச்சிருக்கோம் என்று கிஷாந்த் சொன்னான். வேண்டாம், என்னிடம் இருக்கட்டும் என்று சுருட்டி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவனைக் கோபிக்காதே. முகநூலில் எதையாவது போட்டிருந்தால் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

நீ இதைப் படித்துவிட்டு அங்கே தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய், எனக்குத் தெரியும். சத்தியம் வாங்கிய அன்றைக்கு நீ கடைசியாகச் சொன்னதை நான் மறக்கவில்லை. கெடைக்காட்டி நான் எப்படிம்மா லயத்துக்கு வர்றது, எல்லாரும் கேப்பாங்களே என்று சொன்னாய். சொல்லிவிட்டு நான் பதில் பேசுவதற்குள் போனை வைத்துவிட்டாய். அன்று முதல் எனக்கு ரிசல்ட்டைப் பற்றிய கவலை போய் இந்தக் கவலைதான். பல்கலைக்கழகம் உன்னை வா என்று சொல்கிறதோ இல்லையோ, நீயாகவே உன் வீட்டுக்கு வராமல் இருந்துவிடுவாயோ என்று. பேனர் கதையை உன்னிடம் மறைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் சேர்த்துச் சொன்னால்தான் உனக்குப் பதில் கிடைக்கும் என்று தோன்றியது.

மறுநாள் பிள்ளைக்காம்பராவுக்கு வந்த ஒவ்வொரு தாயிடமும் நானே சொன்னேன், இன்னும் பதில் வரவில்லை, கிடைக்கவும் செய்யலாம், கிடைக்காமலும் போகலாம் என்று. முறுக்குத் தந்தவளிடம் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். முறுக்குக்கும் அமெரிக்காவுக்கும் என்னக்கா, பிள்ள நல்லாருக்குல்ல, சாப்பிடுங்க என்று விட்டுப் போய்விட்டாள். இன்னொருத்தி, கிடைக்காவிட்டால் லோஜினி திருவிழாவுக்கு இங்கே இருப்பாளா என்று கேட்டாள். இருப்பாள் என்றேன். அப்போ பாட்டுக்கு ஆள் இருக்கு என்று சொல்லிவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டு ஓடினாள். ஒன்றிரண்டு வாய் சும்மா இருக்காதுதான், அதை நான் ஒளிக்கவில்லை. பெரிய எடத்துக்கு ஆசப்பட்டா இப்படித்தான் என்று சொல்லவும் ஆள் இருக்கிறது. அவர்கள் கிடைத்தாலும் ஏதாவது சொல்வார்கள். அவர்களை என்னிடம் விட்டுவிடு, உன் அம்மாவின் வாய் உனக்குத் தெரியாதா?

காத்திருப்பது கஷ்டம் என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரியவேண்டும் என்று இல்லை. என் வேலையே அதுதான். அழகன் என்று ஒரு சின்னப் பயல் புதிதாக வருகிறான். தாய் விட்டுவிட்டு மலைக்குப் போனதும் வாசலில் உட்கார்ந்துவிடுவான், அழவும் மாட்டான், விளையாடவும் மாட்டான், பாதையையே பார்த்துக்கொண்டிருப்பான். என்னோடு வேலை செய்கிறவள் அம்மா இந்தா வந்துருவாங்க, இந்தா வந்துருவாங்க என்று அவனுக்கு ஆசை காட்டுவாள். நான் அப்படிச் சொல்வதில்லை. இந்தா என்றால் அவன் நம்பி எழும்பி நிற்பான், பிறகு தாய் வராதபோது இரண்டு மடங்கு அழுவான். அம்மா கொழுந்தெடுக்கிறாங்க, தராசுல நிறுத்துட்டு வருவாங்க என்று உள்ளதைச் சொல்லிவிட்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். கையில் ஒரு வேலையை வைத்துக்கொள்வேன், கீரை ஆய்வேன். கொஞ்ச நேரத்தில் அவனும் என் மடியில் சாய்ந்து ஒவ்வொரு இலையாக எடுத்துத் தருவான். கட்டாயம் கிடைக்கும் கண்ணு என்று நான் ஏன் உன்னிடம் ஒரு நாளும் சொல்லவில்லை என்று இப்போது விளங்குகிறதா? எனக்கு நம்பிக்கை இல்லாமல் இல்லை. எனக்குத் தெரியாததை உனக்குச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பேச்சை நிறுத்தியிருந்த நாட்களில் அப்பா சமாதானத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்தார். இறம்பொடை ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்துவதாக வேண்டியிருக்கிறேன், வா போவோம் என்றார். வடைக்கு உளுந்து ஊறப்போடுவது யார், அரைப்பது யார் என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். பஸ்ஸில் போனோம், பனியில் அருவி கூடத் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. அப்பா சன்னதியில் கண்ணை மூடிக்கொண்டு வாய்விட்டே கேட்டார், அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தப்பில்லாமல் சொல்வதற்குப் பஸ்ஸிலேயே பழகிக்கொண்டு வந்திருந்தார். என்னால் கேட்க முடியவில்லை மகளே. கிடைக்கட்டும் என்று கேட்டால் நாலு வருஷம் உன்னைப் பார்க்க முடியுமோ முடியாதோ, அதை நானே வாயால் கேட்டு வாங்குகிற மாதிரி இருந்தது. கிடைக்காமல் போகட்டும் என்று ஒரு நொடி மனசில் வந்தது, உண்மைதான், வந்தது, அதை எங்கே சாமி கேட்டுவிடுமோ என்று உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கடைசியில் நான் கேட்டது ஒன்றுதான். பதில் வருகிற அந்தக் காலையில் பிள்ளை தனியாக இருக்கக் கூடாது, பக்கத்தில் யாராவது ஒருத்தர் இருக்கவேண்டும் என்று கேட்டேன். இருந்தார்களா? எழுது.

திரும்பி வந்த அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது. தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்த இடம் உனக்குத் தெரியும், நீ படித்துக்கொண்டிருந்த மூலைக்கு நேர் மேலே. முன்பு ஒரு சட்டி வைத்தால் போதும், இப்போது சட்டி வைக்க இடமில்லாமல் ஒழுகுகிறது. தோட்டத்துக் கந்தோரில் சொன்னால் எழுதிக்கொள்கிறார்கள், பார்ப்போம் என்கிறார்கள். பொலித்தீன் வாங்கி வரலாம் என்று அப்பா கிளம்பினார். எதற்கு, வீட்டில்தான் நல்ல கனமான பேனர் ஒன்று சும்மா கிடக்கிறதே என்று நான்தான் சொன்னேன். கோபத்தில்தான் சொன்னேன், அவர் நிஜமாகவே எடுத்துவிட்டார். ஏணி போட்டு ஏறி, தகரத்துக்கு அடியில் ஒரு பக்கம் சாய்வாக இருக்கும்படி மரத்தோடு மரம் இழுத்துக் கட்டினார், தண்ணீர் விழுந்து சுவரோரம் வழிந்து போகும்படி. எழுத்தும் படமும் மேல்பக்கம் இருந்தால் நாள் முழுக்கத் தகரம் தெரியாமல் வெள்ளையாக அழகாக இருக்கும் என்று நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. எழுத்துப் பக்கத்தைக் கீழே திருப்பித்தான் கட்டினார். "பிள்ள மொகத்துல தண்ணி விழக் கூடாது" என்றார். ஏணியில் நின்றுகொண்டு அவர் அதைச் சொன்னபோது எனக்கு இருந்த கோபமெல்லாம் போய்விட்டது, இறங்கியதும் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

பேனர் காம்பராவை விடப் பெரியது என்று சொன்னேனே. இழுத்துக் கட்டியும் மிச்சம் இருந்ததால் மேல் பகுதியைச் சுவரோரமாக மடித்து உள்ளே செருகிவிட்டார். அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகி என்ற அந்தப் பெரிய வரி முழுதும் மடிப்புக்குள் போய்விட்டது. காலையில் கண் விழித்தால் இப்போது எங்களுக்குத் தெரிகிறது உன் முகமும், எங்கள் லோஜினி என்ற எழுத்தும், மேற்பிரிவு மக்கள் என்ற எழுத்தும்தான். அப்பா எழும்பியதும் உன்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் முகம் கழுவப் போகிறார், நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுகிறேன். ஒரு சொட்டும் ஒழுகவில்லை. உன் மூலை காய்ந்து சுத்தமாக இருக்கிறது, உன் மேசையை அங்கேயே திரும்பப் போட்டு வைத்திருக்கிறேன்.

இப்போது கடைசிக்கு வந்துவிட்டேன், முன்னே சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். பதில் வந்த பிறகு நான் என்ன எழுதினாலும் நீ நம்பமாட்டாய், உன் குணம் எனக்குத் தெரியும். கிடைத்த பிறகு, எங்களுக்கு நீ இருந்தால் போதும் என்று எழுதினால் அது ஊருக்குச் சொல்கிற பேச்சாகத் தெரியும். கிடைக்காமல் போன பிறகு எழுதினால், அம்மா ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று மூலையில் வைத்துவிடுவாய். அதனால்தான் ஒன்றும் தெரியாத இந்த ஞாயிற்றுக்கிழமையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எங்களுக்கு நீ இருந்தால் போதும். முத்திரைத் தேதியைப் பார், நான் யாரையும் தேற்றவில்லை.

மார்கழி பிறக்கிற அன்று விடியற்காலையில், கோயிலில் இருந்து பஜனை புறப்பட்டு லயம் லயமாக வருகிற நேரத்துக்குத்தான் உனக்கும் பதில் வரும் என்று சொல்லியிருந்தாய். நான் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டுப் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருப்பேன். எதையும் கேட்கமாட்டேன், சத்தியம் சத்தியம்தான். நீ அழுதால் கேட்டுக்கொண்டிருப்பேன், சிரித்தால் அப்பாவை எழுப்புவேன். கிடைத்திருந்தால் பயணத்துக்கு முன் நிம்மதியாக ஒரு மாதமாவது வந்து இருந்துவிட்டுப் போ. கிடைக்காமல் போயிருந்தால் மற்ற இடங்களுக்கு எழுதவேண்டியதைத் தள்ளிப் போடாமல் எழுது, எழுதிவிட்டு வா. இந்த முறை திருவிழாவை வைகாசியில் வைப்பதாகப் பேச்சு இருக்கிறது, உன் பள்ளியும் அதற்குள் முடிந்துவிடும். எந்தப் பக்கம் போனாலும் வைகாசியில் நீ இங்கே இருக்கவேண்டும், அதில் மாற்றம் இல்லை. ராத்திரியில் காலுறை போட்டுக்கொண்டு படு. தேங்காய் எண்ணெய் முடிந்திருந்தால் சொல், ஆள் போகும்போது கொடுத்து அனுப்புகிறேன்.

மாரியம்மா உன்னைக் கண் போலக் காக்கட்டும், நீ நினைத்தது நடக்கட்டும், நடக்காததும் உனக்கு நல்லதாகவே வந்து முடியட்டும். அப்பா பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார், தன்னைப் பற்றி என்ன எழுதினேன் என்று. பதில் வந்த பிறகு பேனரைக் கழற்றிக் கோயில் சந்தியில் கட்டவேண்டுமா என்று இப்போதுதான் கேட்டேன். கூரையை ஒரு தரம் பார்த்தார். "அவங்க சரின்னாலும் இல்லன்னாலும் அத அவுக்க மாட்டேன், அந்த மடிப்பப் பிரிச்சா பிள்ள எடத்துல ஒழுகும்" என்கிறார்.

இப்படிக்கு,
பதில் தெரியாமலே எழுதிய உன் அம்மா,
சு. சண்முகவடிவு